பழுதுற்ற குடும்பப் படங்களும் நமது கடமையும்

(சேவுகம்பட்டியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இச்சபையில் பேசும்படி நம்மைப் பணித்தபோது, கல்வி, கைத்தொழில், சிக்கனம், விவாகச் செலவு என்னும் விஷயங்களுள் ஒன்றையே நாம் எடுத்துக்கொள்வோம் என்று பலரும் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றைப் பற்றி நம்மினும் வல்லார் பலர் இங்குப் பலகாற் பேசியிருக்கின்றனர், இன்னும் பேசுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. நம் வீட்டுச் சுவர்களிலே தொங்குவனவும், தகரப் பெட்டிகளிலே துணிமணிகளின் அடியிற் கிடப்பனவுமாகிய பழைய நிழற்படங்களைப் பற்றியது. அவை நாளுக்குநாள் அழிந்து வருகின்றன. அவ்வாறு பழுதுற்ற படங்களைக் கணிப்பொறியின் உதவியாற் செப்பனிட்டு, கூலி பெறாது உரியவர் கையிலே திருப்பிக் கொடுக்குந் தொண்டு உலகிற் பல இடங்களில் நடந்திருக்கிறது. நம்மூரிலும் நம் இளைஞர் சிலர் ஓராண்டாக அதனைச் சிறிய அளவிற் செய்து வருகின்றனர். அத்தொண்டிலே நாம் கண்டவற்றையும், கற்றவற்றையும், தவறியவற்றையும் ஒளியாது சொல்லுவதே இன்று நம் நோக்கம்.

நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது 1839ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்தில். பதினேழு ஆண்டுகள் கழிந்த 1856இல் சென்னையில் நிழற்படச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் பொருட்டு மதுரைக்குப் பெருங் காமிராவோடு வந்து, மீனாட்சியம்மன் கோவிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் பிடித்தார். ஆனால் அவர் நாடி வந்தவை கோபுரங்களும் மண்டபங்களுமே. நம் போன்ற கிராமத்தார் வீட்டுக் கூடத்திற்குப் படம் வந்து சேர்ந்தது வெகுகாலம் பின்னர். நகரங்களில் ஸ்டுடியோக்கள் ஏற்பட்டு, நம்மவர் கையிலும் சிறிது காசு புழங்கத் தொடங்கிய பின்னரே வந்தது.

அக்காலத்திலே படமெடுப்பது எளிய காரியமன்று. விவாகம், அறுபதாங் கலியாணம், பர்மாவுக்கோ இலங்கைக்கோ மலேயாவுக்கோ கப்பலேறும் பயணம், இவையன்றி வேறு சமயங்களில் எவரும் படத்தை நினைப்பதில்லை. பெரியவர் ஒருவர் இறந்துவிட்டால், அவரை நாற்காலியிலே சார்த்தி மாலையிட்டு, மக்களும் மருமக்களும் சுற்றி நிற்க எடுத்த படமும் உண்டு. இருந்த நாளெல்லாம் எடுக்காத படத்தை இறந்த நாளிலாவது எடுத்துவிட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஆகவே ஒருவர் ஆயுளில் ஒரு படமோ இரண்டு படமோதான். இன்று ஒரு குழந்தை பிறந்த பத்து நாளில் அதன் படங்கள் நூற்றுக்கு மேல் கைபேசியிற் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுள் பத்துப் போனாலும் எவரும் வருந்தார். ஆனால் நம் பாட்டியின் ஒரே படம் போய்விட்டால் அம்முகமே போய்விட்டது என்பதை நாம் உணரல் வேண்டும்.

இப்படங்கள் ஏன் அழிகின்றன? கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவமாவது வெள்ளித் துகள். அத்துகள், மாட்டெலும்பிலும் தோலிலுமிருந்து காய்ச்சிய ஜெலட்டின் என்னும் பசையிலே பதிந்து காகிதத்தின்மேல் ஒட்டியிருக்கிறது. எனவே படம் என்பது பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஓர் உணவுப் பண்டமே. மழைக்காலத்தில் ஈரம் ஏறும் சுவரில் அதனை மாட்டினால் பூஞ்சை பிடிக்கிறது. கண்ணாடியோடு நெருங்கியிருந்தால் பசை இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. சட்டத்தின் பின்புறத்து மட்டப்பலகையும் அட்டையும் புளிப்புத் தன்மையால் காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கின்றன. ஆணியின் துரு கறை இடுகிறது. இராமபாணப் பூச்சி மேற்புறத்தைச் சுரண்டுகிறது. கரையான் முழுவதையும் உண்கிறது. 1970க்குப் பின் வந்த வண்ணப் படங்களின் கதை வேறு. அவற்றில் வெள்ளி இல்லை, சாயமே உண்டு. நீலச் சாயம் முன்னதாக மங்கிவிடுமாயின் படம் முழுதும் செந்நிறமாய்ப் போகிறது. நம்மிற் பலர் வீட்டுக் கலியாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இனி, பிற நாட்டார் செய்த தொண்டைச் சிறிது நோக்குவோம்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் அமெரிக்காவின் தென்கரையைக் கத்ரீனா என்னும் புயல் தாக்கியது. வீடிழந்தோர் சேற்றிலிருந்து எடுத்த குடும்ப ஆல்பங்களைக் கண்டு கலங்கி நின்ற காட்சி, வர்ஜீனியா மாநிலத்து நாளிதழ் ஒன்றிற் பணியாற்றிய ரெபெக்கா செல், டேவ் எல்லிஸ் என்னும் இருவர் உள்ளத்தைத் தைத்தது. அவர்கள் 2006இல் ஒரு தொண்டர் குழுவைத் தோற்றுவித்தனர். அக்குழுவார் கைக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. அவர்கள் எவருடைய மூலப் படத்தையும் எடுத்துச் சென்றாரல்லர். பாதிக்கப்பெற்ற ஊருக்குத் தாமே சென்று, மக்கள் கொணரும் படங்களை அங்கேயே காமிராவாற் பிரதி செய்துகொண்டு, மூலத்தை உடனே திருப்பிக் கொடுத்தனர். பல ஊர்களிலிருந்த தொண்டர்கள் அப்பிரதிகளைப் பகிர்ந்துகொண்டு, தத்தம் வீட்டிலிருந்தபடியே செப்பனிட்டனர். முடிந்த படம் அச்சாகி இலவசமாகக் குடும்பத்தாருக்குப் போய்ச் சேர்ந்தது.

2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் ஜப்பானில் ஆழிப்பேரலை எழுந்து கடற்கரை ஊர்களை வாரிக்கொண்டு போயிற்று. இடிபாடுகளை அகற்றியோர் கண்ட படங்களை எறிந்துவிடாது பொறுக்கிச் சேர்த்தனர். யமமோட்டோ என்னும் ஒரு சிற்றூரில் மட்டும் இவ்வாறு சேர்ந்தவை ஏறத்தாழ 7,50,000 படங்கள். மாணவரும் பிறருமாகிய தொண்டர்கள் அவற்றைத் தண்ணீரிற் கழுவி, உலர்த்தி, கணிப்பொறியிற் பதிந்து, உரியவர் வந்து தேடிக் கண்டுகொள்ள வழி செய்தனர். அதே கரையில் ஓபுனாட்டோ முதலிய ஊர்களில், பெக்கி மான்சன் என்னும் நியூயார்க்குப் பெண்மணி, நிழற்படங்களைச் செப்பனிடுவதையே பிழைப்பாகக் கொண்டவர், ஒரு தொண்டர் படையோடு தங்கி வேலை செய்தார். அங்கே 1,35,000க்கு மேற்பட்ட படங்கள் கையாற் கழுவப்பட்டன. மிகவும் சிதைந்தவற்றை உலகெங்குமிருந்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தொண்டர்கள் திருத்தி அனுப்பினர். இவ்வளவிற்கும் கருவிக்கும் பொருளுக்குமாக ஆன செலவு ஏறக்குறைய ஆயிரம் டாலரே என்றும், அதிற் பெரும்பகுதி அச்சு மைக்கே என்றும் அவ்வம்மை ஒரு பிரசங்கத்திற் கூறியிருக்கின்றார். வீடும் வாசலும் தொழிலும் இழந்தோர் அப்படங்களைத் தேடி வந்து நின்றனர் என்றால், அவற்றின் மதிப்பு யாது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் தமிழகத்து நிலை என்ன? 2004இல் நாகப்பட்டினம் முதலிய கரைகளையும், 2015இல் சென்னையையும் நீர் சூழ்ந்தது. சென்னை வெள்ளத்தில் பாஸ்போர்ட்டு, பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் முதலியவற்றை இழந்தோர்க்கு மறுபடி வழங்க அரசினர் முகாம்கள் அமைத்தனர். அது நன்று. ஆனால் நனைந்துபோன தாயின் படத்திற்கு மறுபிரதி கொடுக்கும் ஆபீசு எங்கே இருக்கிறது? அதனைக் குடும்பத்தாரும் சுற்றத்தாருமே செய்துகொள்ள வேண்டும்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிச் சென்று, அங்குக் கிடந்த கண்ணாடித் தகடுகளையும் நெகட்டிவ்களையும் படங்களையும் பல்லாயிரக் கணக்கிற் கணிப்பொறியிற் பதிந்து வைத்திருக்கின்றனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரான துயரத்தை அறிந்த ஈழத் தமிழர், 2005 முதல் நூலகம் என்னும் இணையச் சேமிப்பைத் தன்னார்வத் தொண்டாலேயே வளர்த்து வருகின்றனர். இவ்விரண்டும் பெரு முயற்சிகள். நாம் கூறப்போவது ஒரு வீட்டுக் கூடத்தில், ஒரு மேசையின்மேல் நடந்த சிறு முயற்சி.

நம் இளைஞர் நால்வர், ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடி, ஓர் அன்பர் கொடுத்த பழைய ஸ்கேனரையும் ஒரு கணிப்பொறியையும் கொண்டு வேலை தொடங்கினர். முறை இதுதான்: படத்தை ஸ்கேனரில் வைத்து, அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் பதிகின்றனர். ஆறங்குல நீளமும் நாலங்குல அகலமும் உள்ள படம் இவ்வாறு ஏறக்குறைய 86 லட்சம் புள்ளிகளாகக் கணிப்பொறிக்குள் வந்துவிடுகிறது. பின்னர், கீறல் விழுந்த இடத்தில் அதன் அண்டையிலுள்ள புள்ளிகளை எடுத்து ஒட்டுகின்றனர். வேட்டியிலே கிழிந்த இடத்தை வேட்டியின் நூலைக் கொண்டே இழையோட்டுவது போன்ற வேலை அது. சுவரும் திரையும் தரையும் எளிதிற் சரியாகும். புடைவைக் கரை சற்றுக் கடினம். முகமோ மிகமிகக் கடினம். ஒரு படத்திற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். பத்து நாளும் ஆகலாம்.

இங்கே நாம் செய்த முதற் பிழையைச் சொல்லவேண்டும்.

பக்கத்தூரிலிருந்து எண்பது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர் ஒரு படம் கொண்டுவந்தார். அவருடைய சிற்றப்பன் விவாகத்தில் எடுத்தது. மணமக்களுக்குப் பின்னே நிற்போருள் ஒருத்தி அவருடைய தாய். இவர் நாலு வயதாயிருக்கும்போது அத்தாய் இறந்துவிட்டாள். வேறு படம் இல்லை. இப்படத்திலும் கரையான் புகுந்து தாயின் முகத்தில் இடப்பாதியைத் தின்றுவிட்டது. ஒரு கண்ணும், நெற்றியிற் பாதியும், வலக்காதும், அக்காதிலே தோளளவும் தொங்கும் தண்டட்டியுமே எஞ்சியிருந்தன. எழுபது ஆண்டாக அம்மையார் பார்த்து வந்தது அந்த அரை முகத்தைத்தான்.

நம் இளைஞர் ஒருவர், இக்காலத்து வந்திருக்கும் செயற்கை அறிவுப் பொறியிலே அப்படத்தைக் கொடுத்தார். சில நொடியில் முழு முகம் ஒன்று வந்துவிட்டது. கண் இரண்டும் மலர்ந்து, தோல் பளபளத்து, நேற்று எடுத்த படம்போல விளங்கிற்று. நாமும் பார்த்து மகிழ்ந்தோம். அச்சிட்டு அம்மையார் கையிற் கொடுத்தோம். அவர் வெகுநேரம் உற்று நோக்கினார். பின்பு, "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க ஆத்தா காது எங்கே?" என்றார்.

அப்பொழுதே நாம் கவனித்தோம். தொங்குங் காதும் தண்டட்டியும் போய், அங்கே நவநாகரிகமான சிறு காது ஒன்று இருந்தது. எஞ்சியிருந்த கண்ணுங்கூட அதே கண்ணாக இல்லை. இல்லாத பாதியை நிரப்பப் புகுந்த பொறி, இருந்த பாதியையும் மாற்றிவிட்டது.

இஃது ஏன் நேர்ந்தது என்று பின்னர் விசாரித்தோம். இத்தகைய பொறிகளுள் பெயர்பெற்ற ஒன்று 2021இல் வெளிவந்த ஜி.எப்.பி.கான் என்பது. இணையத்திலே பலர் இட்டிருந்த படங்களிலிருந்து திரட்டிய 70,000 முகங்களைக் கொண்டு அதனைப் பயிற்றியிருக்கின்றனர். முகம் என்றால் எப்படி இருக்கும் என்பதை அவற்றிலிருந்து அது கற்றுக்கொண்டது. சிதைந்த முகம் ஒன்றைக் கொடுத்தால், தான் கற்ற முகங்களை ஒட்டி ஏற்றதொன்றை அமைத்துக் கொடுக்கிறது. அதன்மேற் குற்றமில்லை, அதற்கு நம் அம்மையாரின் தாயைத் தெரியாது. பாம்படமும் தண்டட்டியும் அணிந்து வளர்த்த காதை அது எங்கே கண்டிருக்கும்? குற்றம் நம்முடையது. தாயின் முகத்தைக் கேட்டு வந்தவர்க்குப் பொதுவானதொரு முகத்தைக் கொடுத்து, அதுவே தாய் என்று சொல்லிவிட்டோம். அம்மையார் அந்தக் காதை அறியாதவராக இருந்திருந்தால், அவர் வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருத்தியின் முகத்திற்கு மாலையிட்டு வணங்கியிருப்பர்.

பின் என்ன செய்தோம்? நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படத்தைப் பார்த்துவிட்டு, "மணப்பெண் எந்த ஊர்?" என்று ஒரு கேள்வி கேட்டார். கம்பம் பள்ளத்தாக்கிலே ஓர் ஊர் என்றனர். "அப்படியானால் பெண் வீட்டாரும் ஒரு படம் வாங்கியிருப்பார்களே!" என்றார் அவர். எவ்வளவு எளிய எண்ணம்! ஒரு நெகட்டிவிலிருந்து பிரதிகள் பல எடுத்து, மாப்பிள்ளை வீட்டார்க்கும் பெண் வீட்டார்க்கும் கொடுப்பது அக்கால வழக்கம். நாம் கடிதமெழுதி, பின் நேரிலும் போனோம். உறவினரின் உறவினர் வீட்டில், ஒரு மரப்பெட்டிக்குள், பழம்புடைவையிற் சுற்றியபடி அப்படம் அகப்பட்டது. மங்கியிருந்தது, ஓரங்கள் மடிந்திருந்தன, ஆனால் தாயின் முகம் முழுமையாக இருந்தது. பெரிய நெகட்டிவிலிருந்து எடுத்த படமாதலின், பெரிதாக்கிப் பார்த்தபோது இடக்கன்னத்தில் அம்மைத் தழும்புகளும் தெரிந்தன. தம் தாய்க்குப் பெரியம்மை கண்டு பிழைத்தது என்று அத்தை சொல்லக் கேட்டிருந்தாராம் அம்மையார். கண்டது அன்றுதான். 1975இல் நம் நாட்டைவிட்டு ஒழிந்த அந்நோயின் வடு அப்படத்திலே இருக்கிறது. தழும்பை நீக்கி அழகு செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். ஒரு புள்ளியும் தொடலாகாது என்று அம்மையார் சொல்லிவிட்டார்.

சகோதரர்களே! இரண்டாவது பிழை இதனினும் பெரிது. இச்சபையிலே அதைச் சொல்லவே நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

நம்மவர் வீடொன்றிலிருந்து ஒரு படம் வந்தது. வீட்டுப் பெரியவர் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். மனைவியும் மக்களும் சூழ நிற்கின்றனர். ஓரத்திலே, மேலாடையின்றி, வண்டி மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நிற்கின்றார். அவர் அவ்வீட்டுப் பண்ணையில் வேலை செய்தவர், வேறு சமூகத்தவர். படம் கொண்டுவந்தவர், "கீறலைச் சரிசெய்யுங்கள், அந்த ஆளையும் எடுத்துவிடுங்கள், குடும்பப் படத்தில் அவர் எதற்கு?" என்றார். நம் இளைஞரும் அப்படியே செய்துவிட்டனர். சுவரை ஒட்டி மறைத்தாயிற்று. மாட்டையும் நீக்கியாயிற்று. நாமும் அதனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

சில மாதங் கழித்து, வத்தலக்குண்டுச் சந்தையிலே மூட்டை சுமக்கும் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, அந்த வீட்டுப் படத்திலே எங்கள் தாத்தா நிற்கிறார் என்று அப்பா சொல்லுவார். எங்களிடம் அவர் படம் கிடையாது. ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டார். நாம் தலை குனிந்தோம். முப்பது ஆண்டு அவ்வீட்டுக்கு உழைத்த மனிதர். உலகில் அவருக்கு இருந்தது அந்த ஒரே படம். அதிலும் நம் கையால் அவரை அழித்துவிட்டோம். நல்வினையாக, முதலிற் பதிந்த பிரதியை மாற்றாமல் தனியே வைக்கும் வழக்கத்தை நம் இளைஞர் கைக்கொண்டிருந்தனர். அதிலே அவர் இருந்தார். வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர்கள் மனமுவந்து இசைந்தனர். அவர் பெயரை அவ்வீட்டு மூதாட்டியே நினைவிலிருந்து சொன்னார். பேரர்க்கு ஒரு படம் கொடுத்தோம். வீட்டாருக்கும் முழுப் படத்தையே மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம். இப்பொழுது அக்கூடத்தில் தொங்குவது அதுவே.

இவ்விரண்டு அனுபவங்களாலும் நாம் தெளிந்தது ஒன்று. படத்தைச் செப்பனிடுவோன் இல்லாததைச் சேர்த்தலும் ஆகாது. உள்ளதை நீக்கலும் ஆகாது. கீறலும் கறையும் காலத்தால் வந்தவை, அவற்றைத் துடைக்கலாம். முகமும் தழும்பும், பக்கத்தில் நின்ற மனிதரும் அன்று காமிராவின்முன் இருந்தவர்கள். அவர்களை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. நம் முன்னோரைப் பற்றி நாமே பொய் சொல்லத் தொடங்கினால், நம் பிள்ளைகள் எதனைக் கொண்டு மெய்யை அறிவர்?

சிலர், "இறந்தவர் படத்திற்குச் செலவிடும் பொருளை உயிரோடிருக்கும் ஏழை மாணவனுக்குக் கொடுக்கலாமே" என்று ஆட்சேபிக்கக்கூடும். மாணவனுக்குக் கொடுப்பதை நாம் தடுக்கவில்லை. இத்தொண்டிற்கு வேண்டுவது பெரும்பொருளன்று. ஓய்வு நேரமும் பொறுமையுமே. அன்றியும், இதனைக் கற்ற இளைஞர் இருவர்க்கு அதுவே பிழைப்புக்குரிய தொழிலாகவும் ஆகியிருக்கிறது. வேறு சிலர், "பொறி நொடியிற் செய்வதை நீங்கள் பத்து நாள் செய்வானேன்?" என்பர். கீறலை நீக்கவும், மங்கிய நிறத்தைத் தெளிவிக்கவும் பொறியைத் தாராளமாகக் கொள்க. முகத்தை ஊகிக்க மட்டும் அதனை ஏவற்க. அப்படி ஏவியே தீரவேண்டும் என்று வீட்டார் விரும்பினால், "இப்பாகம் பொறியின் கற்பனை" என்று படத்தின் பின்னே எழுதிவிடுக.

இனி நாம் செய்யத்தக்கவற்றைச் சுருக்கிச் சொல்லி முடிப்போம்.

முதலாவது, ஈரச் சுவரிலும் நேர் வெயிலிலும் படத்தை மாட்டாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடே பிரதி செய்யலாம்.

இரண்டாவது, வெள்ளத்தில் நனைந்தால் கட்டுக் கட்டாக உலரவிடாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். குளிர்ந்த நல்ல நீரில் மெல்ல அலசி, படப்புறம் மேலாக நிழலில் உலர்த்துக. தேய்க்கலாகாது.

மூன்றாவது, முதற் பிரதியை ஒருபோதும் திருத்தற்க. திருத்துவதெல்லாம் அதன் மறுபிரதியிலே செய்க. இரண்டையும் இரண்டு இடங்களிற் சேமித்து வைக்க. மூலப் படத்தை அன்றே உரியவரிடம் கொடுத்துவிடுக. அவர் சம்மதமின்றி எவர்க்கும் பிரதி அனுப்பற்க.

நான்காவது, படத்திலுள்ளோர் பெயர்களைப் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுக. நம் சமூகத்துப் பழம் படங்களிலே ஆண்மக்கள் பெயர் அடியில் அச்சாகியிருக்கும். பெண்மக்கள் "இன்னார் பாரியாள்" என்றோ, அதுவுமின்றியோ நிற்பர். அப்பெயர்களை அறிந்த முதியோர் இன்னும் சிலரே உளர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுக. ஓரத்தில் நிற்பவர் பெயரையும் கேட்டு எழுதுக.

ஐந்தாவது, இதுவே நமது முக்கியமான விண்ணப்பம்: உங்கள் வீட்டுப் படத்தில் அழிந்த முகம் உங்கள் சம்பந்தி வீட்டுப் பெட்டியில் இருக்கலாம், அவர்கள் படத்தில் அழிந்தது உங்களிடம் இருக்கலாம். யார் எந்த ஊரில் பெண் கொடுத்தார், யார் எங்கே குடியேறினார் என்பதை அறிந்த பெரியோர் நிறைந்தது நமது சங்கம். எந்தப் பொறிக்கும் இல்லாத அறிவு அது. அதனை இக்காரியத்திற்குப் பயன்படுத்துவோமாக. தை மாதத்தில் நம்மூர்ச் சோலைமலை அழகர் பெருமாள் கோவிலில் வாழைப்பழம் சூறையிடும் திருவிழாவுக்கு வெளியூர்களிலுள்ள உற்றார் உறவினர் பலரும் வருவர். அவர்கள் வரும்போது தம் வீட்டுப் பழம் படங்களைத் துணியிற் சுற்றிப் பத்திரமாக எடுத்துவரும்படி இப்பொழுதே எழுதுங்கள். நம் இளைஞர் ஸ்கேனரோடு காத்திருப்பர். படங்களை ஒரே மேசையின்மேல் பரப்பி வைத்தால், எத்தனை அரை முகங்கள் முழு முகங்களாகும் என்பதைக் கண்ணாரக் காணலாம்.

கம்பத்திலிருந்து வந்த பிரதியை அந்த அம்மையார் தம் பழைய படத்தினருகே மாட்டியிருக்கின்றார். கரையான் தின்ற படத்தை அகற்றிவிடலாமே என்றதற்கு, "இத்தனை வருசம் எனக்குத் துணையிருந்தது இதுதானே" என்றார். அதையும் நாம் மறுக்கவில்லை.